கயிற்றைப் பிடிக்கும் கை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

தமிழர்க்குக் கொடி புதிய பொருளன்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்திக் கூறுகிறது. தெய்வத்துக்கு ஒரு கொடி, கற்றறிந்தோர் வாதுக்கு அழைக்கும் கொடி, துறையில் நின்ற நாவாய்மேல் ஒரு கொடி, கள் விற்கும் மனையின் வாயிலில்கூட ஒரு கொடி! ஆனால் அக்கொடிகளைக் கட்டிய கை யாருடையது என்று புலவர் பாடவில்லை. பாட வேண்டிய தேவை அன்று இல்லை. கொடி வேந்தனுடையது, கட்டியவன் ஏவலாள்.

இன்று கொடிக்கு உரியவர்கள் மக்கள். மக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்க முடியாது. அவர்களுக்காக ஒருவர் இழுக்க வேண்டும். அந்த ஒருவர் யார்?

அரசுக் கட்டடங்களில் கொடி பறப்பதற்கு நம் நாட்டில் விரிவான விதிகள் உண்டு. துணியைப் பற்றியும், கம்பத்தைப் பற்றியும், நேரத்தைப் பற்றியும் அவை நுணுக்கமாகப் பேசுகின்றன. கயிற்றைப் பிடிக்கும் கையைப் பற்றி மட்டும் மிக மெல்லிய குரலில் பேசுகின்றன. அந்த மெல்லிய குரலால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் என்ன நேர்ந்தது, அதைச் சரிசெய்ய மாணவராகிய நாம் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விதி சொல்வது

அரசியல் நிர்ணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்ட நாள் 1947 ஜூலை 22. அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை இன்று வகுத்துக் கூறுவது, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு. அதற்குப் பின்னால் காவலாக நிற்பது 1971-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம். கொடியைப் பொது இடத்தில் எரித்தாலோ, கிழித்தாலோ, மிதித்தாலோ மூன்றாண்டுவரை சிறை உண்டு.

விதித்தொகுப்பைப் படிக்கும்போது அதன் அக்கறை வியப்பூட்டுகிறது. கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஒன்பது அளவுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரியது 6300 மில்லிமீட்டருக்கு 4200. சிறியது 150-க்கு 100. கிழிந்த கொடியையும் கசங்கிய கொடியையும் ஏற்றக்கூடாது. தரையிலோ தண்ணீரிலோ பட விடக்கூடாது. கொடிமேல் எதுவும் எழுதக்கூடாது. ஆனால் மடித்த கொடிக்குள் பூவிதழ் வைக்கத் தடையில்லை. ஏற்றும்போது விறுவிறுவென ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக, மரியாதையோடு இறக்க வேண்டும். நைந்துபோன கொடியைக் குப்பையில் எறியாமல், தனியிடத்தில், முழுவதுமாக, கண்ணியத்தோடு எரித்துவிட வேண்டும்.

அரசுக் கட்டடங்களுக்கு வருவோம். உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலகம், சிறைச்சாலை, நகராட்சி அலுவலகம் போன்ற முக்கியமான கட்டடங்களில் கொடி பறப்பது வழக்கம் என்று விதி கூறுகிறது. அப்படி வழக்கம் உள்ள கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் உட்பட எல்லா நாளிலும் பறக்க வேண்டும். மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், கதிரவன் எழுந்தது முதல் மறையும்வரை பறக்க வேண்டும். குடிமக்கள் தம் வீட்டில் இரவிலும் பறக்க விடலாம் என்று 2022 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. அது வீட்டுக் கொடிக்குத் தந்த சலுகை. அரசுக் கட்டடத்துக் கொடியை இரவில் பறக்க விடுவது மிகச் சிறப்பான நாட்களுக்கு மட்டும் உரியது.

துக்கத்துக்கும் இலக்கணம் உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் நாடு முழுவதும் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கும். ஆளுநரோ முதலமைச்சரோ மறைந்தால் அந்த மாநிலம் முழுவதும் இறங்கும். அரைக்கம்பம் என்றால் பாதியிலேயே கட்டிவிடுவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. முதலில் உச்சிவரை ஏற்றி, அதன் பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்குவதற்கு முன்னும் ஒருமுறை உச்சியைத் தொட வேண்டும். துயரத்திலும் தலை நிமிர்ந்த பிறகே குனிய வேண்டும் என்று சொல்வதுபோல் இருக்கிறது இந்த விதி. எழுதியவர்களை மெச்சத்தான் வேண்டும்.

மூன்று அடி

பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கும் விதித்தொகுப்பு வழி சொல்கிறது. மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க வேண்டும். நான்காம் பக்கத்தின் நடுவே கொடிக்கம்பம். தலைமையாசிரியரும், மாணவர் தலைவரும், கொடியை விரிப்பவரும் கம்பத்துக்குப் பின்னால் மூன்று காலடி தள்ளி நிற்க வேண்டும். கொடியை விரிப்பவர் தலைமையாசிரியர் அல்லாத வேறொருவராகவும் இருக்கலாம் என்பது அடைப்புக்குறிக்குள் வருகிறது.

எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை எண்ணிச் சொன்ன விதி, அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்பதை அடைப்புக்குறிக்குள் விட்டுவிட்டது! பெரிய நகரத்துப் பள்ளியில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. யாரை அழைப்பது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். சாதி வேரோடிய சிற்றூரில் அந்த அடைப்புக்குறிக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துகொள்வார்கள். பணம் படைத்தவர் நுழைவார். முன்னாள் தலைவர் நுழைவார். தலைவியின் கணவர் நுழைவார். நுழைய முடியாமல் வெளியே நிற்பவர், ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவராக இருப்பார்.

கேட்டுப் பெற்ற உரிமை

கொடியேற்றும் உரிமை யாருடையது என்ற கேள்வியை இந்தியாவில் உரக்கக் கேட்ட மாநிலம் நம்முடையது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள், மாநிலத் தலைநகரங்களில் குடியரசு நாளன்றும் விடுதலை நாளன்றும் ஆளுநரே கொடியேற்றி வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் அருகில் நின்று வணங்குவார். தலைநகர் தில்லியில் விடுதலை நாளன்று பிரதமர் கொடியேற்றுகிறாரே, மாநிலத்தில் முதலமைச்சர் ஏன் ஏற்றக்கூடாது என்று அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி கேட்டார். இந்திரா காந்தி அம்மையாரின் அரசு அதை ஏற்றது. குடியரசு நாளில் ஆளுநர், விடுதலை நாளில் முதலமைச்சர் என்று முறை வகுக்கப்பட்டது. 1974 ஆகஸ்ட் 15 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றினார். அதே உரிமை எல்லா மாநில முதல்வர்களுக்கும் கிடைத்தது. கட்சி வேற்றுமை கடந்து நாம் பெருமைப்படக்கூடிய செய்தி இது.

அந்தக் கோரிக்கையின் உட்பொருள் என்ன? மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் கை கொடிக்கயிற்றில் இருக்க வேண்டும் என்பதுதானே!

முப்பதாண்டு கழித்து இன்னொரு படி. தம் தொழிற்சாலை வளாகத்தில் கொடி ஏற்றியதற்காகத் தடுக்கப்பட்ட நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில், 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரியாதையோடும் கண்ணியத்தோடும் தேசியக் கொடியைப் பறக்க விடுவது குடிமகனின் கருத்துரிமையைச் சேர்ந்தது என்பது அத்தீர்ப்பு. ஆக, மேலே முதலமைச்சரின் உரிமை 1974-இல் உறுதியாயிற்று. கீழே சாதாரணக் குடிமகனின் உரிமை 2004-இல் உறுதியாயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். அவர் ஊராட்சி மன்றத் தலைவர். அவருடைய கை கயிற்றைத் தொட்டதா?

நடுவில் நிற்பவர்

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வந்தது. 1996-இல் தேர்தல்.

நம் திண்டுக்கல் மாவட்டம் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தப் பழைய மதுரை மாவட்டத்து ஊர்களில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்க முடியாது. மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் பயணம் செய்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தேர்தல் முறையாக நடக்கவே இல்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது.

நாற்காலியில் அமர்வதற்கே இத்தனை விலை என்றால், ஊரார் கண்முன் கொடிக்கம்பத்தருகே நிற்பதற்கு என்ன விலை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாற்காலி நான்கு சுவருக்குள் இருக்கிறது. கொடிக்கம்பம் வெட்டவெளியில் இருக்கிறது. அன்றைக்கு ஊரே அண்ணாந்து பார்க்கிறது.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. அதே மாதத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர் அந்த ஊருக்கு வந்தார். அவர் முன்னிலையில் தலைவர் கொடியேற்றினார். தவறு திருத்தப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் ஓர் ஊராட்சித் தலைவர் ஒரு கயிற்றை இழுக்க மாவட்ட ஆட்சித் தலைவர் அருகில் நிற்க வேண்டியிருந்தது என்பதில் மகிழ என்ன இருக்கிறது?

ஈராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். சாதிப் பாகுபாடு இன்றி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கொடி விதி மெல்லச் சொன்னதை அரசு உரக்கச் சொல்ல வேண்டிவந்தது. விடுதலையின் 75-ஆம் ஆண்டு நிறைவில் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பதை வரலாற்று மாணவன் என்ற முறையில் குறித்து வைக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தம் கடமையைச் செய்ய விடாமல் தடுப்பது அத்திருத்தத்தின்படி தனிக் குற்றம். குடியரசு நாளில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் குடியரசுக் கொடியை ஏற்றுபவருக்குத் துணை நிற்கிறது.

மரியாதையா, கடமையா?

தடுப்பவர்கள் ஏன் தடுக்கிறார்கள்? அவர்களுக்குக் கொடிமேல் வெறுப்பு இல்லை. தடுத்த கையே அடுத்த நிமிடம் கொடியை வணங்கவும் செய்யும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர்களில் கொடியேற்றம் என்ற சொல் முதலில் கோயிலைத்தான் நினைவூட்டும். திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். யாருக்குப் பரிவட்டம், யாருக்கு முதல் மரியாதை, யார் கையில் முதல் தேங்காய் என்பதற்கெல்லாம் ஊர்வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தின் பெயரால் எத்தனை பூசல்கள், எத்தனை வழக்குகள்! அதே கண்ணோடு தேசியக் கொடிக் கம்பத்தையும் ஊர் பார்க்கிறது. கயிற்றைப் பிடிப்பது முதல் மரியாதை என்றும், அது ஊருக்குப் பெரியவரைச் சேர வேண்டும் என்றும் எண்ணுகிறது. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

கொடி விதியை ஊன்றிப் படித்தால், ஏற்றுபவருக்கு அதில் எந்தப் பரிவட்டமும் இல்லை என்பது விளங்கும். எல்லோரும் கொடியை நோக்கி நிற்கிறோம், கொடியை வணங்குகிறோம். ஏற்றியவரும் ஓரடி பின்வாங்கி, நம்மோடு சேர்ந்து அதே கொடியைத்தான் வணங்குகிறார். மரியாதை முழுவதும் மேலே பறக்கிறது. கீழே நடப்பது கடமை. அந்தக் கடமை பதவியைச் சேர்ந்தது. பதவியில் இருப்பவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று கடமை கேட்பதில்லை.

இதற்குச் சான்று வெகுதொலைவில் இல்லை. மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலகத்தில் நாள்தோறும் காலையில் கொடி ஏறுகிறது, மாலையில் இறங்குகிறது. அதை ஏற்றி இறக்குபவர் ஒரு காவலராகவோ ஊழியராகவோ இருப்பார். அவர் என்ன சாதி என்று யாராவது கேட்டதுண்டா? அந்தக் கயிற்றுக்காக யாராவது சண்டையிட்டதுண்டா? கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத நாட்களில் அது வேலை. யாரும் போட்டிக்கு வருவதில்லை. ஆண்டில் இரண்டு நாள் மட்டும் அதே வேலை மரியாதையாக மாறிவிடுகிறது!

இன்னும் பின்னோக்கிப் பாருங்கள். சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் கொடி பிடித்தபோது தடியடி விழுந்தது. மறுநாள் உயிர் பிரிந்தது. அதே மாதம் 26-ஆம் நாள், ஆர்யா என்ற பாஷ்யம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கம்பத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறி மூவண்ணக் கொடியைக் கட்டினார். கொடி பிடித்தால் மண்டை உடையும் என்றிருந்த காலத்தில், முதல் மரியாதை எனக்கே என்று கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

கடல் கடந்த ஒரு பாடம்

கொடி விதி மனிதரைப் பற்றிய கேள்வியில் போய் முடிவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சட்டமன்றக் கட்டட வளாகத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட பழைய கூட்டமைப்பின் கொடி பறந்துகொண்டிருந்தது. 2015 ஜூன் 17 அன்று அம்மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஓர் இனவெறியன் சுட்டுக் கொன்றான். துக்கத்துக்காக நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கின. அந்தப் பழைய கொடி மட்டும் உச்சியிலேயே நின்றது. சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள்! நாடே கொதித்தது. சட்டமன்றம் கூடிச் சட்டத்தை மாற்றியது. 2015 ஜூலை 10 அன்று அந்தக் கொடி இறக்கப்பட்டது.

விதி வழுவாமல் பறந்த ஒரு கொடி, மனிதரை இழிவுபடுத்த முடியும் என்பது அங்கே கிடைத்த பாடம். அளவும் நேரமும் பிசகாமல் ஏற்றப்பட்ட நம் மூவண்ணக் கொடியும், உரியவர் ஒதுக்கி நிறுத்தப்பட்ட இடத்தில் பறந்தால் அதே குற்றத்துக்கு ஆளாகாதா?

ஊர் ஒற்றுமை என்னும் வாதம்

"ஒரு கயிற்றுக்காக ஊரை இரண்டாக்க வேண்டுமா? தலைவர் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டு ஊர்ப் பெரியவரை ஏற்றச் சொன்னால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் இப்படிக் கேட்கிறார்கள். ஆகவே விடை சொல்ல வேண்டும்.

பெருந்தன்மை என்பது மறுக்கும் உரிமை உள்ளவர் செய்வது. மறுத்தால் தண்ணீர்த் தொட்டியில் இருந்து நூறு நாள் வேலைவரை இடைஞ்சல் வரும் என்று அஞ்சுபவர் ஒதுங்கினால், அதற்குப் பெருந்தன்மை என்று பெயரிடக்கூடாது. ஒருவரைக் குனிய வைத்துக் கட்டிய ஒற்றுமை எத்தனை நாள் நிற்கும்? மேலும், இன்று கயிற்றை விட்டுக்கொடுத்தவர் நாளை தீர்மானப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். மறுநாள் காசோலையில் கையெழுத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. காலையில் கொடிக்கம்பத்தருகே ஓரமாக நிறுத்தப்பட்ட தலைவர், அன்றைக்கே கூடும் கிராம சபையில் எந்தக் குரலில் பேசுவார்?

பெண் தலைவர்களுக்கும் இது பொருந்தும். 2016-இல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று நம் மாநிலம் சட்டம் செய்தது. தலைவியின் இடத்தில் கணவரோ மகனோ நின்று கயிற்றை இழுப்பது, சாதியின் பெயரால் செய்யும் தடைக்குத் தங்கை முறை. குடும்பத்துக்குள் நடப்பதால் அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சமாதானமும் காதில் விழுகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. அலுவலர் கொடியேற்றினால் பூசல் இல்லையே என்கிறார்கள். அலுவலர் ஏற்றும்போது எழாத பூசல் மக்களின் தலைவர் ஏற்றும்போது எழுகிறது என்றால், பூசல் யாரைக் குறித்து எழுகிறது என்பது வெட்டவெளிச்சம். கேள்வி மறைந்துவிடவில்லை, தேர்தல் வரும்போது அதுவும் கூடவே வரும். அமைதியான நாட்களில் முறையை வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

நாம் செய்யக்கூடியது

அரசுக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சி அலுவலகத்தில் யார், அரசுப் பள்ளியில் யார், தலைவர் வர இயலாவிட்டால் அடுத்து யார் என்பதை நான்கே வரியில் எழுதி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நிலையாகத் தீட்டி வைக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்துக் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். சுவரில் உள்ள எழுத்து தினமும் கண்ணில் படும். பள்ளியில் யார், அலுவலகத்தில் யார் என்ற குழப்பத்தைச் சாக்காக வைத்தே பல இடங்களில் தலைவரை அலைக்கழிக்க முடிகிறது. குழப்பத்தை நீக்கினால் சாக்கும் நீங்கும்.

மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. விடுமுறை முகாமில் மரம் நடுகிறோம், தெரு பெருக்குகிறோம். அதோடு ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியத்தின் ஊர்களில் கொடி முறையையும் கற்றுக்கொடுக்கலாம். காவி மேலே வரும்படி மடிப்பது, கப்பியில் கயிறு சிக்காமல் கட்டுவது, இழுத்தவுடன் விரியும் முடிச்சைப் போடுவது, மாலையில் மறக்காமல் இறக்கி மடித்து வைப்பது எல்லாம் அரைமணி நேரப் பாடம். புதிதாகப் பதவிக்கு வந்த ஒரு தாய்க்கு இந்த அரைமணி நேரப் பழக்கம் பெரிய தைரியத்தைத் தரும். கயிறு சிக்கிவிடுமோ என்ற அச்சத்தைப் போக்கினால், "உனக்கு இது தெரியாது, தள்ளி நில்" என்று சொல்வதற்கும் இடம் இராது.

இன்னொன்று. 2022 ஆகஸ்டில் இல்லந்தோறும் மூவண்ணக் கொடி என்ற இயக்கம் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில், இயந்திரத்தில் நெய்த பாலியெஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம் என்று விதி தளர்த்தப்பட்டிருந்தது. கொடி மலிவானது, எல்லோர் கைக்கும் வந்தது. நல்லதுதான். ஆனால் விழா முடிந்து பல வாரம் ஆன பிறகும் வெளுத்துக் கிழிந்த கொடிகள் கம்பிகளிலும் கூரைகளிலும் தொங்குவதைப் பார்க்கிறோம். ஏற்றுவதற்கு இருக்கும் போட்டி இறக்குவதற்கு இல்லை. நைந்த கொடிகளைச் சேகரித்து விதிப்படி கண்ணியமாக அகற்றுவதை நம் மாணவர்கள் பொறுப்பேற்றுச் செய்யலாம். ஒலிபெருக்கி இல்லாத அந்த வேலையைச் செய்பவர்க்கே ஏற்றும் வேலையின் பொருளும் புரியும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அரசியலமைப்பின் 51-அ பிரிவு, கொடியை மதிப்பது குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது. 17-ஆம் பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது. இவ்விரண்டையும் வெவ்வேறு வகுப்பில், வெவ்வேறு நாளில் நடத்துகிறோம். ஒரே நாளில், கொடிக்கம்பத்தின் அடியில் வைத்து, ஒன்றாக நடத்திப் பாருங்கள். ஒன்றை மீறிக்கொண்டு மற்றொன்றைக் காக்க முடியாது என்பது எந்த மாணவனுக்கும் விளங்கிவிடும்.

திண்டுக்கல்லில் இருந்து பழநிக்குப் போகும் சாலையில், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகள் ஓயாமல் ஓடும் வழியில் இருக்கிறது நம் ரெட்டியார்சத்திரம். ஊரின் பெயரிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று சாதிப் பட்டம். மற்றொன்று வழிப்போக்கர்க்கு நிழல் தரும் இடம். பெயரை நாம் வைக்கவில்லை. ஆனால் இரண்டில் எந்தச் சொல்லை வளர்ப்பது என்பது நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.

பத்தாண்டு தேர்தல் நடக்காத பாப்பாபட்டியில், 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கிராம சபையில் கலந்துகொண்டார். மாறவே மாறாது என்று கருதப்பட்ட ஊரும் மாறும் என்பதற்கு அது அடையாளம். விதி துணியைக் காக்கட்டும். அதற்குச் சட்டமும் சிறையும் இருக்கின்றன. கயிற்றைப் பிடிக்கும் கையைக் காப்பது ஊரின் மனச்சாட்சியும், படித்த நம்முடைய துணிவும்தான். வரும் கொடி நாட்களில், நம் ஊர்களில் மக்கள் தேர்ந்தெடுத்த கை எதுவோ, அந்தக் கை தயங்காமல் கயிற்றைப் பிடிக்கட்டும். அருகில் நின்று முதலில் கைதட்டுபவர்கள் நம் கல்லூரி மாணவர்களாக இருக்கட்டும்.